மாய உலகத்துப் பட்டறையில் தண்ணீர் எங்கே?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு சிறுவர் இணைப்பில் வரும் மாயாஜாலத் தொடர்கதையைப் பற்றி இந்தக் கடிதம். கதாசிரியரிடமும் இதைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அந்தத் தொடரை என் பேத்தி சத்தமாகப் படிப்பாள், நாங்கள் உட்கார்ந்து கேட்போம். பறக்கும் ஆமை, பேசத் தெரிந்த கிணறு, ராஜகுமாரி வழி தவறிப் போகிற உப்புக்காடு எல்லாமே நன்றாக வந்திருக்கின்றன. அடுத்த வாரம் எப்போது வரும் என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குச் சொல்ல இருப்பது போன வார அத்தியாயத்தில் வந்த காகிதப் பட்டறையைப் பற்றி மட்டும்தான்.

மலை உச்சியில் பட்டறை. தாடி வைத்த மந்திரவாதி நிலா வெளிச்சத்தை வெள்ளித் தட்டில் பிடித்து மந்திரம் சொல்கிறார். தாள்கள் பறந்து வந்து அடுக்கிக்கொள்கின்றன. இன்னொரு மந்திரம் சொன்னதும் ஊசி தானாக ஓடுகிறது, ஆயிரம் வருடம் அழியாத புத்தகம் தயார். அரைப் பக்கத்தில் எல்லாம் முடிந்து, ராஜகுமாரி புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

நான் புதுச்சேரியில் ஒரு சின்ன ஹேண்ட்மேட் பேப்பர் பட்டறையில் வேலை பார்த்தவள். முதலில் துணி பிரிக்கும் இடம், அப்புறம் தொட்டி. என் கணவர் பைண்டர். அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் கைக்காகிதம் செய்யத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊருக்கு இந்தத் தொழில் பழக்கம். ஆனால் ஊரில் பலருக்கே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கதையில் இந்தப் பட்டறை வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது அரைப் பக்கத்தில் மறைந்துவிட்டதே என்பதுதான் வருத்தம். மாயம் இருக்கட்டும் ஐயா, அது குழந்தைகளுக்கு வேண்டும். அந்தப் பட்டறைக்குள் வேலையும் நடக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த வேலையில் இருக்கிற அதிசயம் நிலா வெளிச்சத்துக்குக் குறைந்ததில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பட்டறையை மலை உச்சியிலிருந்து கீழே இறக்குங்கள். உச்சியில் தண்ணீர் ஏது? காகிதத் தொழில் நடந்த ஊர் எதை எடுத்தாலும் பக்கத்தில் ஆறோ ஓடையோ இருக்கும். இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஊரில் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஆற்று நீரால் சக்கரம் சுழற்றி, அந்தச் சக்கரம் தூக்கிப் போடும் சம்மட்டிகளால் கந்தல் துணியை இடித்துக் கூழாக்கினார்கள். உஸ்பெகிஸ்தானில் சமர்கண்டுக்குப் பக்கத்தில் கோனிகில் என்ற இடத்தில் இன்றும் நீர்ச்சக்கரம் உலக்கைகளைத் தூக்கித் தூக்கி மல்பெரிப் பட்டையை இடிக்கிறது. தொட்டியில் இருக்கிற கலவையில் 100 பங்குக்கு 99 பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இரும்புக் கறை உள்ள தண்ணீரில் தாள் எடுத்தால் பிற்பாடு காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். கதையில் பேசத் தெரிந்த கிணறு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அது பட்டறைக்குப் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

அடுத்தது, அந்தப் பட்டறையில் ஒரு பெண்கூட இல்லை. இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. காகிதம் தொடங்குவதே பெண்கள் கையில்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கிய பருத்தித் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நாங்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிப்போம். பட்டன், ஊக்கு, ஜிப், எலாஸ்டிக் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துண்டைக் கையில் தொட்டதுமே ஒதுக்கிப் போடப் பழக வேண்டும். ஒரு துண்டு தப்பிப் போனாலும் அந்த இழை கூழாகாது, தாளில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் சின்னச் சின்னதாக வெட்டுவது. பஞ்சுத் தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏறும் என்பதால் முந்தானையை முகத்தில் சுற்றிக்கொள்வோம். ஐரோப்பாவின் பழைய காகித ஆலைகளிலும் கந்தல் பிரித்தவர்கள் பெண்கள்தான். ஜப்பானில் கோசோ என்ற செடியின் பட்டையை ஊற வைத்து வேக வைத்து, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்து, நாரில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் கறையை ஒவ்வொன்றாக எடுக்கிற வேலையையும் பெரும்பாலும் பெண்கள்தான் செய்துவந்தார்கள். அதுவும் பனிக் காலத்தில். மந்திரவாதியின் பட்டறையில் தாள் பறக்கட்டும், அதற்கு முன்னால் இந்தப் பெண்களும் உட்கார்ந்திருக்கட்டும்.

இனி தொட்டி. எனக்குப் பிடித்த இடம் அது.

துணித் துண்டுகள் பீட்டர் என்ற, துணியை அடித்துக் கூழாக்கும் மெஷினில் பல மணி நேரம் சுற்றிச் சுற்றி அடிபட்டு நாரெல்லாம் பிரிந்து வரும். அதைத் தொட்டித் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் நீர்மோர் போல இருக்கும். மரச்சட்டத்தில் கம்பிவலை கட்டியிருப்போம், அதன் மேல் விளிம்புச் சட்டம் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, செங்குத்தாகத் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே படுக்கையாகத் திருப்பி, மட்டமாக மேலே எடுக்க வேண்டும். எடுத்ததும் தண்ணீர் வலை வழியாகக் கொட்டத் தொடங்கும். அந்தச் சில நொடிக்குள் சட்டத்தை இடம் வலம் ஓர் அசை, முன் பின் ஓர் அசை. எல்லாப் பக்கமும் நார் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அப்போதுதான். தண்ணீர் மினுமினுப்பு மறைந்து மேற்பரப்பு மங்கும், அந்தக் கணத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அசைத்தால் தாள் கிழிந்து திட்டுத் திட்டாகிவிடும். ஒவ்வொரு தாளும் தொட்டியிலிருந்து கொஞ்சம் நாரை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடுத்த தாள் மெலிந்துவிடாமல் அவ்வப்போது கூழ் சேர்க்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதைச் சட்டத்தின் கனத்தை வைத்துக் கைதான் சொல்லும். புதிதாக வந்த பெண்களுக்கு நான் இதை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லி வராது. என் கைக்கு மேல் அவர்கள் கையை வைக்கச் சொல்லி, சேர்ந்து தூக்கினால் வரும்.

பிறகு விளிம்புச் சட்டத்தை எடுத்துவிட்டு, வலையைக் கம்பளித் துண்டின் மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டிக் கவிழ்க்க வேண்டும். ஈரத் தாள் கம்பளியில் தங்கிவிடும். அப்போது விரலிலிருந்தோ முழங்கையிலிருந்தோ ஒரு சொட்டுத் தண்ணீர் ஈரத் தாளில் விழுந்தால் போச்சு. விழுந்த இடத்தில் நார் விலகி வட்டமாக மெலிந்துவிடும். காய்ந்த பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்த வட்டம் தெரியும். மேல்நாட்டுப் பட்டறைகளில் இதைக் காகிதக்காரரின் கண்ணீர் என்பார்கள். கதாசிரியர் ஐயா, உங்கள் மாய உலகத்தில் ஒரு தாளில் இப்படி ஒரு சொட்டு இருக்கட்டும். ராஜகுமாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதைச் செய்தவர் யார் என்று கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாளில் நாரை நாரோடு பிடித்து வைத்திருக்கும் பசை எது என்று பேத்தி கேட்டாள். பசையே கிடையாது. பருத்தி நாரைத் தண்ணீரில் அடித்துத் துவைத்தால் அதன் மேல்பரப்பு நுண்ணிழைகளாகப் பிரிகிறது. அழுத்திப் பிழிந்து காய வைக்கும்போது தண்ணீர் வெளியேற வெளியேற அந்த இழைகள் நெருங்கி வந்து தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எழுதும்போது மை ஊறிப் பரவாமல் இருக்கத்தான் பிறகு கஞ்சியோ ஜெலட்டினோ ஏற்றுகிறோம். ஜப்பான்காரர்கள் செய்வது இன்னும் ஆச்சரியம். வெண்டைக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரை நசுக்கி, அதன் கொழகொழப்பைத் தொட்டியில் சேர்க்கிறார்கள். அது இருந்தால் நார் கீழே படியாமல் மிதக்கும், தண்ணீர் மெதுவாக வடியும். ஈரத் தாளை ஈரத் தாளின் மேலேயே, நடுவில் கம்பளிகூட வைக்காமல் அடுக்கி அழுத்துவார்கள். பிறகு ஒவ்வொன்றாக உரித்தால் ஒட்டாமல் தனித்தனியாக வரும்! வெயில் காலத்தில் அந்தக் கொழகொழப்பு நீர்த்துப் போய்விடும், அதனால்தான் பனிக் காலத்தில் வேலை. மந்திரத்துக்கு ஒரு பருவம் உண்டு, அது தவறினால் பலிக்காது என்று கதையில் வைத்தால் குழந்தைகள் நம்புவார்கள். உண்மையும் அதுதான்.

ஆயிரம் வருடம் அழியாத புத்தகம் என்று எழுதியிருந்தார். அப்படிக் காகிதம் உண்டு. சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூலின் சுருளில் 868-ஆம் ஆண்டு அச்சிட்டதாகத் தேதியே இருக்கிறது. அந்தக் காலத்தில் சீனர்கள் பூச்சி அண்டாமல் இருக்க ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தைக் காகிதத்துக்கு ஏற்றினார்கள். இப்போது உங்கள் பத்திரிகை அச்சாகிற தாளை நாலு நாள் வெயிலில் போட்டால் மஞ்சளாகிவிடும். மரத்தை அரைத்த கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுவதுதான் காரணம். பருத்தியில் அது கிட்டத்தட்ட இல்லை. தினசரிக்கு அந்தத் தாள் போதும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு நாட்டின் நினைவை எழுதி வைக்கிற புத்தகம் என்று கதையில் வருகிறதே, அதற்குப் பருத்திதான் வேண்டும்.

அங்கேயே ஒரு நல்ல கதையும் இருக்கிறது. ராஜகுமாரி தன் பட்டாடையைக் கழற்றி, இதில் காகிதம் செய்து கொடுங்கள் என்று நீட்டுவாள். பட்டறைத் தலைவி அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பட்டு இப்படிக் கூழாகிப் பின்னிக்கொள்ளாது, தாளாக நிற்காது. "பழைய பருத்திச் சேலை இருந்தால் கொண்டு வாம்மா" என்பாள். நன்றாக உழைத்து நைந்த துணியே சீக்கிரம் கூழாகும். அப்போது ராஜகுமாரி வண்ணாத்தி வீட்டுக்கும் நெசவுத் தெருவுக்கும் போய்க் கேட்க வேண்டிவரும். ஊர் உடுத்திக் கிழித்த துணியெல்லாம் சேர்ந்து அந்தப் புத்தகம் ஆகும். இதில் நான் சேர்த்த கற்பனை எதுவும் இல்லை, துணிக்கும் நாருக்கும் உள்ள இயல்பு அப்படி.

நம் பக்கத்துச் சரித்திரத்திலும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ பெரிது பெரிதாக இருந்து காகிதத்தை ஏகமாக விழுங்கின. காகிதம் கப்பலில் வந்தாக வேண்டும். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். காகிதத் தட்டுப்பாடு எழுத்தின் அளவையே மாற்றியிருக்கிறது! தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது கைக்காகிதத்தையும் கிராமத் தொழில்களில் ஒன்றாக வளர்த்தார். ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவரை இந்த வழியிலும் தெரிந்தால் நல்லது.

பைண்டிங்கைப் பற்றி என் கணவர் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். ஏட்டுச்சுவடியில் தைக்க எதுவும் இல்லை. ஓலையில் துளை, துளையில் கயிறு, மேலும் கீழும் மரப்பலகை, அவ்வளவுதான். காகிதத்தை மடிக்க முடியும் என்பதால் தையல் வந்தது. தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு ஃபாரம். ஃபாரம் ஃபாரமாக அடுக்கி, மடிப்பில் துளையிட்டு, நூலைத் தேன்மெழுகில் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு தைப்பார். ஒவ்வொரு ஃபாரத்தின் முனைக்கு வரும்போதும் ஊசியைக் கீழே இருக்கிற ஃபாரத்தின் தையலுக்குள் விட்டு ஒரு கொக்கி போட்டு மேலே ஏறுவார். ஒரு ஃபாரத்தை மற்றொன்றோடு பிடித்து வைத்திருப்பது அந்தக் கொக்கிதான். நூலை இழுக்கும் விசையும் முக்கியம். அதிகமாக இழுத்தால் மடிப்புக் கிழியும், தளர விட்டால் புத்தகம் ஆடும். இழுக்க வேண்டிய திசை மடிப்பின் நீளத்துக்கு இணையாக, நேரே வெளியே இழுத்தால் தாள் அறுந்துவிடும்.

இப்போது பெரும்பாலான புத்தகங்களில் முதுகை வெட்டிவிட்டுப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். நாலு தடவை நன்றாக விரித்துப் படித்தால் பக்கம் கையோடு வருகிறது. நூலகங்களிலிருந்து அவரிடம் வருகிற புத்தகங்களில் தைத்தவைதான் பிழைக்கின்றன. பழைய தையல் நூலை எடுத்துவிட்டு அதே துளையில் மறுபடி தைத்து, முதுகில் மஸ்லின் ஒட்டி, காலிகோ என்ற அட்டைத் துணி போட்டுக் கொடுத்தால் இன்னொரு தலைமுறைக்குப் போகும். ஒட்டிய புத்தகத்தில் மடிப்பே இல்லை, ஊசியை எங்கே விடுவது? உங்கள் ராஜகுமாரியின் புத்தகத்தைத் தைத்த புத்தகமாகவே எழுதியதற்குக் கதாசிரியருக்கு அவர் நன்றி சொல்லச் சொன்னார். தானாக ஓடுகிற ஊசியை மட்டும் யாராவது ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார். பசை கிளறும் இடத்தையும் விட வேண்டாம். மைதாவைக் கட்டி தட்டாமல் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார். அந்த நீலம் கலக்கும்போது பேத்தி பார்த்துக்கொண்டே நிற்பாள். அது விஷம் என்பதால் தள்ளி நிற்க வைத்திருக்கிறோம்.

சிறுவர் இணைப்பில் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தால், பிள்ளைகள் தாங்களே ஒரு நோட்டுத் தைக்கும் முறையையும் போடலாம். எழுதி அனுப்புகிறேன், படம் நீங்கள் வரைந்துகொள்ளுங்கள்.

நாலைந்து தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். மடிக்கும் முன் ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். மெஷின் தாளில் நார் ஒரே திசையில் படுத்திருப்பதால் இந்த வித்தியாசம் வருகிறது, கைக்காகிதத்தில் பெரிதாகத் தெரியாது. மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, கெட்டியான தாள் ஒன்றை மேலட்டையாகச் சுற்றி, மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலே ஒன்று, கீழே ஒன்று. நூலின் நீளம் நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். உள்ளேயிருந்து நடுத் துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, நடுத் துளையைத் தாண்டி நேரே கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுத்து, மறுபடி நடுத் துளையில் உள்ளே வர வேண்டும். இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடுகிற நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனையாக வைத்து, அதன் மேல் இறுக்கி முடிச்சுப் போட்டு வெட்டிவிடலாம். துளை போடும்போது மட்டும் பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
காகிதப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
புதுச்சேரி.